செவிலியர்க்கு இத்தனை படிப்பு எதற்கு என்போர்க்கு

மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கலாமா என்று ஒரு வீட்டில் ஆலோசனை நடக்கும்போது, பெரியப்பாவோ மாமாவோ யாரேனும் ஒருவர் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “நோயாளியைப் பாத்துக்கிற வேலைக்கு மனசுல இரக்கம் இருந்தாப் போதும், கை பழகினா எல்லாம் தானா வந்துடும், அதுக்கு எதுக்கு நாலு வருஷம், அதுக்கு மேல பரீட்சை, அதுக்கும் மேல இன்னொரு பட்டம்?” இதே அபிப்பிராயம் சற்றுப் பட்டாடை உடுத்திக்கொண்டு, மே மாதம் 12-ஆம் தேதி செவிலியர் தின மேடைகளிலும் ஏறுகிறது, அங்கே செவிலியரைத் தாய் என்றும் தெய்வம் என்றும் போற்றுகிற பிரமுகர்கள், அவரை ஒரு சாஸ்திரம் கற்றவர் என்று ஒருமுறையேனும் சொல்லக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகிகளில் பலரும் வைத்தியர்களில் சிலரும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், அதிகம் படித்த நர்ஸ் நோயாளியின் படுக்கையருகே நிற்கமாட்டார் என்றும், பரீட்சைகள் ஞாபகசக்தியை அளக்குமேயன்றி நல்ல செவிலியை இனங்காட்டமாட்டா என்றும், மேற்படிப்புப் படித்த செவிலியர் அரை வைத்தியராகி ஜனங்களுக்கு அபாயமாவார் என்றும் வாதிக்கிறார்கள். இவையனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் பிழையானது என்பதே என் துணிபு.

இந்த அபிப்பிராயம் துர்எண்ணத்தில் பிறந்தது என்று நான் கருதவில்லை. நம்மில் ஒவ்வொருவரும் வீட்டில் நோயுற்றோரைப் பேணியிருக்கிறோம். ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறோம், கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறோம், படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறோம். ஆகவே ஆஸ்பத்திரியில் வெள்ளுடையில் நடமாடும் ஒருவர் செய்வதும் இதன் விரிவே என்று நினைப்பது இயல்பு. அவர் செய்வதில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி அதுதான். தெரியாத பகுதியை ஓர் இரவு வேளையில் வைத்துக் காட்டுகிறேன்.

வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், பொது வார்டு, இரவு இரண்டு மணி. டியூட்டி டாக்டர் கீழே அவசரப் பிரிவில் இருக்கிறார். அறுபது வயதும் ஏறக்குறைய அறுபது கிலோ எடையும் உள்ள ஒரு பெரியவர், வலி என்று எதையும் சொல்லாமல், சற்றுச் சோர்ந்து படுத்திருக்கிறார். மாலையில் நிமிஷத்துக்குப் பதினெட்டாக இருந்த அவருடைய சுவாசம் இப்போது இருபத்தாறு; நாடி நூற்றுப் பன்னிரண்டு; காலையில் 130/80 என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்ட இரத்த அழுத்தம் 104/60. படுக்கையின் பக்கவாட்டில் தொங்கும் பையில் பத்து மணிமுதல் சேர்ந்திருக்கும் சிறுநீர் அறுபது மில்லி. பெயர் கேட்டால் சரியாகச் சொல்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்றால் தம் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால், கல்லாதவர் கண்ணுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். இரக்கம் மாத்திரம் உள்ளவர் போர்வையை இழுத்துப் போர்த்தி, “தூங்குங்கய்யா, காலைல டாக்டர் வந்துடுவார்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்த ஆறுதலில் கபடம் இராது, கனிவும் குறைவாயிராது. ஆயினும் விடியுமுன் அந்தப் பெரியவர் கைவிட்டுப் போயிருக்கக்கூடும். கற்றவரோ, அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு முப்பது மில்லியேனும் சிறுநீர் பிரியவேண்டும் என்பதை அறிவார். நான்கு மணி நேரத்தில் பாதிதான் பிரிந்திருக்கிறது என்பதைக் கணக்கிடுவார். சுவாச வேகம், நாடி, அழுத்தம், சிறுநீர், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் ஒன்றாய்க் கோத்து, உடலுள் எங்கோ கிருமித்தொற்று இரத்தத்தில் பரவத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிப்பார். டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, “சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்று சொல்லாமல், அந்த எண்களை வரிசை பிறழாமல் ஒப்பித்து, உடனே வந்து பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துவார். அவர் வந்து சேர்வதற்குள் இரத்தப் பரிசோதனைக்கு வேண்டிய குழாய்களை எடுத்து வைத்திருப்பார். அந்த அழைப்பு விடுக்கப்படுமா, விடுக்கப்படாதா என்பதில்தான் உயிர் தொங்குகிறது. அதை விடுக்கச் செய்வது சரீர சாஸ்திரமும் நோய்க்குறியியலும் ஆகும். அவை கை பழகுவதால் தாமாக வருவனவல்ல.

அதே பெரியவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று கொள்வோம். அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க டோபமைன் என்னும் மருந்தை, கிலோ ஒன்றுக்கு நிமிஷத்துக்கு ஐந்து மைக்ரோகிராம் வீதம் செலுத்தும்படி டாக்டர் எழுதுகிறார். இருநூறு மில்லிகிராம் மருந்தை ஐம்பது மில்லியாகக் கலந்து சிரிஞ்ச் பம்ப்பில் ஏற்றவேண்டும். அப்படியானால் மில்லி ஒன்றில் நாலாயிரம் மைக்ரோகிராம். நோயாளிக்கு மணிக்கு வேண்டியது பதினெட்டாயிரம். ஆகவே பம்ப்பில் அழுத்தவேண்டிய எண் 4.5. நைட் டியூட்டியின் களைப்பில் அந்தப் புள்ளி ஒன்று தவறி நாற்பத்தைந்து என்று விழுந்தால், மருந்தே எமனாகிவிடும். இந்தக் கணக்கைப் பரீட்சைக்கு வைத்து, தவறாகப் போட்ட மாணவியை மறுபடி எழுது என்று திருப்பியனுப்புவதைக் கொடுமை என்று பேசுகிறவர்கள், அந்தக் கட்டிலில் தம் தகப்பனாரைப் படுக்கவைத்து யோசித்துப் பார்க்கவேண்டும்.

கல்விக்கும் உயிருக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் ஊகமாக மட்டும் நிற்கவில்லை. லிண்டா ஐக்கன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் முந்நூறு ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014-இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு இது: ஓர் ஆஸ்பத்திரியின் செவிலியருள் பட்டப்படிப்புப் படித்தோர் விகிதம் பத்துச் சதவீதம் கூடுதலாக இருக்குமிடத்தில், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் முப்பது நாட்களுக்குள் மரிக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் குறைந்திருந்தது. ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு ஏழு சதவீதம் ஏறியிருந்தது. இத்தகைய ஆராய்ச்சியிலிருந்து படிப்பொன்றே காரணம் என்று அறுதியிட்டுரைக்க இயலாது என்பதை நான் மறைக்கவில்லை. நல்ல ஆஸ்பத்திரி பலவற்றிலும் நன்றாகவே இருக்கும். ஆனால் படிப்பினால் பயனேதுமில்லை என்று சாதிப்போர், எதிர்ப்புறத்தில் காட்டுவதற்கு இதற்கு ஈடான ஒரு சான்றை வைத்திருக்கிறார்களா? வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இனிப் பரீட்சையைப் பற்றி. பரீட்சையால் நல்ல செவிலியை இனங்காண முடியாது என்ற வாதத்துக்கு மிகப் பெரிய ஆதரவாளர் வேறு யாருமல்லர், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 1860-இல் செவிலியர் பள்ளியை நிறுவிய அந்த மாதரசி, செவிலியரைப் பரீட்சித்துப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும் என்ற இயக்கம் எழுந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். குணத்தையும் ஒழுக்கத்தையும் வினாத்தாளால் அளக்க முடியாது என்பது அவர் கட்சி. எதிர்த் தரப்பில் நின்றவர், செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியாக இருந்த எதெல் பெட்போர்டு பென்விக். 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1919-இல் இங்கிலாந்தில் செவிலியர் பதிவுச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பே நியூசிலாந்து 1901-இல் அத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டது. நம் சென்னை மாகாணம் 1926-இல் செவிலியர் மருத்துவச்சியர் சட்டத்தை நிறைவேற்றியது.

நைட்டிங்கேலிடம் எனக்குள்ள பக்தி பெரிது. ஆயினும் இந்த விஷயத்தில் அவர் பிழைபட்டார் என்று சொல்லத் தயங்கமாட்டேன். தம் பள்ளியில் தாமே தேர்ந்தெடுத்து, தம் கண்பார்வையில் வளர்த்த மாணவியரை மனத்தில் வைத்து அவர் பேசினார். பென்விக் பேசியதோ, எந்தப் பள்ளியிலும் காலடி வைக்காமல் நானும் நர்ஸ்தான் என்று ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏழைகளின் வீடுகளில் புகுந்தோரைப் பற்றி. பரீட்சை ஒருவரை உத்தமராக்காது. ஆனால் அறியாதவர் அறிந்தவராக நடித்து நோயாளியைத் தொடாதபடி வாசலில் தடுக்கும். நோயாளி தன் செவிலியைத் தானே பரீட்சித்துத் தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லாதவராகையால், அவருக்குப் பதிலாகச் சமூகம் பரீட்சித்து வைக்கவேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நைட்டிங்கேல் கையில் விளக்கேந்தி நின்றதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நம்மவர், அவர் கிரிமிய யுத்தத்து மரணங்களைக் கணக்கெடுத்து வரைபடமாக்கி மந்திரிசபையை அசைத்த புள்ளியியல் நிபுணர் என்பதையும், 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண்மணி என்பதையும் மறந்துவிடுகிறார்கள். போர்வீரர்களின் உயிர்காத்தது அவருடைய கனிவோடு சேர்ந்த கணிதம்.

ஞாபகசக்திப் பரீட்சை என்ற குற்றச்சாட்டு ஒரு காலத்தில் ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதத் துடிக்கும் என்.சி.எல்.இ.எக்ஸ். என்னும் அமெரிக்க உரிமத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். அது 1994 முதல் கணினியில் நடக்கிறது. எழுதுபவரின் ஒவ்வொரு விடையையும் எடைபோட்டு, அதற்கேற்பக் கடினமான அல்லது எளிய வினாவைக் கணினி அடுத்து நிறுத்துகிறது. எண்பத்தைந்து வினாக்களிலேயே ஒருவர் தகுதி உறுதிப்பட்டால் நின்றுவிடுகிறது, படாவிட்டால் நூற்றைம்பது வரை போகிறது. 2023 ஏப்ரல் முதல் அதில் புகுத்தப்பட்டிருக்கும் புதிய பகுதியில், நான் மேலே வருணித்த பெரியவரைப் போன்ற ஒரு நோயாளியின் குறிப்பேடு மணிவாரியாகத் திரையில் விரிகிறது. இவற்றுள் கவலைக்குரிய குறிகள் எவை, அவை எந்த நோயைச் சுட்டுகின்றன, எது அவசரம், முதலில் செய்யவேண்டியது யாது, செய்தபின் நோயாளி தேறினாரா என்பதை எதைக் கொண்டு அறிவாய் என்று படிப்படியாகக் கேட்கிறது. மனப்பாடத்தால் இதைத் தாண்ட முடியாது. நோயாளியருகே நின்று சிந்தித்துப் பழகியவருக்கே இது வசப்படும். பயிற்சி மையங்களில் வினா வங்கியை மட்டும் உருட்டிவிட்டுப் போய்த் தோற்றவர்கள் இதை அறிவார்கள்.

நம் நாட்டு நிலைமை வேறு என்பார்கள், உண்மைதான். இங்கே பல்கலைக்கழகத் தேர்விலோ டிப்ளமோ தேர்விலோ தேறியதும் மாநிலக் கவுன்சிலில் பதிவு கிடைத்துவிடுகிறது. நோயாளிகளே இல்லாத ஆஸ்பத்திரியைக் காகிதத்தில் காட்டி நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, பார்த்திராத பிரசவத்தைப் பார்த்ததாகக் கையெழுத்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு என்ன? படிப்பு வீண் என்பதா, படிப்பு நடக்கவில்லை என்பதா? போலிக் கல்லூரியைக் காட்டிக் கல்வியையே பழிப்பவர், காட்டவேண்டிய கோபத்தைத் தவறான இடத்தில் காட்டுகிறார். தேர்வு இன்னும் கடுமையாக வேண்டும், கிளினிக்கல் போஸ்டிங் நேர்மையாக நடக்கவேண்டும் என்றுதான் இந்த அவலம் கேட்கிறது.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் கிராமத்துப் பெண், முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் அனைத்தையும் ஒரே நாளில் ஆங்கிலத்தில் எதிர்கொண்டு திகைத்துப் போகிறாள். விடுதியின் மாடிப்படியில் அமர்ந்து அகராதியும் கையுமாக எலும்புகளின் பெயர்களை எழுதி எழுதிப் படிக்கிறாள். அவளுடைய இன்னல் என் நெஞ்சை உறுத்துவது. ஆனால் அவளுக்குச் செய்யவேண்டிய உபகாரம் பாடத்தைக் குறைப்பதன்று. பாடத்தை அவளுக்கு விளங்கும் மொழியில் விளக்கிவிட்டு ஆங்கிலக் கலைச்சொல்லையும் கையில் கொடுப்பதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மிஷனரி வைத்தியர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் போதித்து, நூல்களையும் தமிழாக்கி, வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அவர் செய்ததை இத்தனை கல்லூரிகள் சேர்ந்து இன்று செய்ய முடியாதென்பதை நான் ஒப்பவில்லை.

அரை வைத்தியர் என்ற அச்சத்துக்கு வருவோம். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்னும் செவிலியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து, வைத்தியர் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்துச் சாதாரண நோய்களுக்குச் சிகிச்சையளிக்கச் செவிலியரைப் பழக்கினார்கள். அன்று எழுந்த கூக்குரலும் இன்று இங்கே எழுவதும் ஒன்றே. அந்தக் கூக்குரலுக்குப் பதிலாக ஒரு நேரடிச் சோதனையே நடந்தது. நியூயார்க்கில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை உயர்பயிற்சி பெற்ற செவிலியரிடமும் மறுசாராரை வைத்தியரிடமும் அனுப்பி, ஆறு மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டார்கள். 2000-இல் வெளியான முடிவின்படி இரு சாராரின் உடல்நிலையும் ஒப்பாகவே இருந்தது. இரத்த அழுத்த நோயாளிகளின் கீழெண் செவிலியரிடம் சென்றோரில் சற்றுக் குறைவாகவே இருந்தது. செவிலியர் வைத்தியருக்குப் பதிலாவார் என்று இதற்கு அர்த்தமில்லை. நான் அப்படிச் சொல்லவும் வரவில்லை. எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் ஆழப் பயிற்றினால் அபாயம் நேர்வதில்லை என்பதே அர்த்தம். எல்லையும் வகுக்காமல், பயிற்சியும் கொடுக்காமல், நள்ளிரவில் அவரைத் தனியே விட்டுவைத்திருக்கிறோமே, அபாயம் அங்கேதான் இருக்கிறது.

இதற்குத் தூரதேசச் சான்றுதான் வேண்டுமென்பதில்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து இரவும் பகலும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டபோது, அங்கே பெரும்பான்மைப் பிரசவங்களைக் கையேற்றவர்கள் அவர்களே. 2018-20 காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மரணம் தொண்ணூற்றேழாக இருக்க, தமிழ்நாட்டில் ஐம்பத்து நான்காக இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்தப் பெண்களின் கைகளும் ஒன்று. தெலங்கானா மாநிலம் 2017-லிருந்து செவிலியரைத் தேர்ந்த மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்து வருகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டாண்டு முதுநிலை உயர்பயிற்சிப் படிப்பை வகுத்திருக்கிறது. வார்டில் முன்னனுபவம் பெற்றவரே அதில் சேரலாம், படிப்பின் பெரும்பகுதியும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கழிகிறது.

ஆகவே, அதிகம் படித்தவர் படுக்கையருகே நிற்கமாட்டார் என்ற கடைசி வாதம் ஒன்றே மிச்சம். அவர் ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர் எத்தனை பேர்? தனியார் ஆஸ்பத்திரிச் செவிலியரின் ஊதியத்தைப் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. அதைக் கண்ணால் காணாத செவிலியர் நம் ஊர்களில் ஏராளம். அரசே 2015-இல் போட்டித் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த செவிலியரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் வீதிக்கு வந்து அமர்ந்ததை நாடறியும். பரீட்சை வைத்ததும் நாம், தேறினாய் என்றதும் நாம், தேறியவருக்குக் கூலி கொடுக்க மறுத்ததும் நாம். பிறகு அவர் வளைகுடாவுக்கோ அயர்லாந்துக்கோ விமானம் ஏறினால், படிப்பு அவரைக் கெடுத்துவிட்டது என்கிறோம். அவரைத் துரத்தியது படிப்பன்று.

உயர்பயிற்சிப் படிப்பை முடித்துத் தன் பழைய ஐ.சி.யூ.வுக்கே விரும்பித் திரும்பிவரும் பெண்ணுக்கு, அவள் கற்றதைச் செய்ய அனுமதிக்கும் ஒரு பதவி பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் வகுக்கப்படவில்லை. ஸ்டாஃப் நர்ஸ் என்ற அதே பெயரில், அதே சம்பளப் பட்டியலில், இரண்டாண்டுகளுக்கு முன் கையெழுத்திட்ட அதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, அவள் போய் நிற்கும் இடம் படுக்கையருகேதான். அந்தப் பதவியை நிர்வாகிகள் முதலில் உண்டாக்கட்டும். அவளுக்குரிய அதிகாரத்தையும் எல்லையையும் எழுத்தில் வைக்கட்டும். அதற்குரிய சம்பளத்தையும் கொடுக்கட்டும். அதன் பிறகும் அவள் நோயாளியை விட்டு நகர்ந்தாளானால், அப்போது அவர்கள் சொல்வதை நான் கேட்கத் தயார்.